ஒரே ஒயரில் போனும் நெட்டும்: எங்கள் வீட்டில் தகராறு தீர்ந்த கதை

எங்கள் வீட்டுக்கு வருவது பழைய செம்பு ஒயர். லேண்ட்லைனும் ஏடிஎஸ்எல் (போன் ஒயர் வழியாகவே வரும் பிராட்பேண்ட்) நெட்டும் அதிலேயேதான். இணைப்பு கொடுத்தபோது "பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம்தான், போன் மணி அடிக்காத வரைக்கும். மணி அடித்ததும் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ரிசீவரை எடுத்தால் நெட் போயே போய்விடும். அப்புறம் அது திரும்ப வரச் சில நிமிடங்கள் ஆகும். பேசும்போது காதில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வேறு. யாராவது வீடியோ அழைப்பில் இருந்தால் மற்றவர்கள் போனைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டாயிற்று.

வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதே லேண்ட்லைனில் அழைத்தால் இன்னும் வேடிக்கை. நாம் பேசுவதால் நெட் நின்றிருக்கும். அவர்களோ "இப்போது நெட் வருகிறதா பாருங்கள்" என்பார்கள். சரி, இது எப்படித்தான் வேலை செய்கிறது என்று நானே தெரிந்துகொள்ளலாம் என உட்கார்ந்தேன்.

தெரிந்துகொண்டதும் எரிச்சல் கூடியது. ஏனென்றால் இவை இரண்டும் மோதவே கூடாது. போனில் நம் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. ஏடிஎஸ்எல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அதன் வேகமான அடுத்த வடிவமான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2,208 வரை. நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்தக் காலத்து டயல்-அப் மோடம் குரலுக்கான அலைவரிசைக்குள்ளேயே புகுந்து வேலை செய்தது. அதனால் நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்டு. அதன் உச்ச வேகமும் 56 கேபிபிஎஸ் (நொடிக்கு 56 கிலோபிட்) தான். ஏடிஎஸ்எல் வந்ததே அந்தத் தொல்லை இல்லாமல் இருக்கத்தான்.

பிரச்சினை என்னவென்றால், இந்தப் பாகப்பிரிவினை போன் கருவிக்குத் தெரியாது. ரிசீவரை எடுத்ததும் அதன் சர்க்யூட் லைனுக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்து, உயர் அதிர்வெண் சமிக்ஞையையும் கொஞ்சம் விழுங்குகிறது. மணி அடிப்பதற்கு வரும் மின்சாரமும் லேசுப்பட்டதல்ல. சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் அளவுக்கு நேர்மின்னோட்ட அழுத்தம் நிற்கும். மணிக்கு அதன்மேல் 75, 90 வோல்ட் மாறுமின்னோட்டம் ஏறும். இந்தத் திடீர் ஆட்டத்தில் மோடம் தன் பிடியை விட்டுவிடுகிறது. அந்த 'உஸ்' இரைச்சல் வருவது இதற்கு எதிர்த்திசையில்: மோடத்தின் சமிக்ஞை போனுக்குள் கசிந்து காதுக்குக் கேட்கும் ஒலியாக மாறுகிறது. இரண்டையும் தடுப்பது ஃபில்டர், அல்லது ஸ்ப்ளிட்டர். குரலை மட்டும் போனுக்கு விட்டு மற்றதை நிறுத்தும் சின்னப் பெட்டி. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். மோடம் மட்டும் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் ஸ்ப்ளிட்டர் இருந்தது. ஹாலில், மோடத்துக்குப் பக்கத்தில், லைன், போன், மோடம் என்று மூன்று துளைகளுடன் ஒழுங்காகத்தான் செருகியிருந்தது. பின்னே ஏன் இப்படி?

எல்லாப் போன்களையும் பிடுங்கினேன். வெளியிலிருந்து ஒயர் வந்து சேரும் முதல் பெட்டியில் மோடத்தை நேரடியாக மாட்டி, செல்போனிலிருந்து லேண்ட்லைனுக்கு அடித்துப் பார்த்தேன். நெட் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொரு போனாகத் திரும்பச் செருகி, ரிசீவரை எடுத்து வைத்துப் பார்த்தேன். மாடிப் போனை மாட்டியதும் விளக்கு சிமிட்டியது. ஒயரைத் தொடர்ந்து போனால் விஷயம் புரிந்துவிட்டது. நெட் வருவதற்கு முன்பே யாரோ அந்த முதல் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு பேரலல் லைன் இழுத்திருக்கிறார்கள். ஸ்ப்ளிட்டர் வருவதற்கு முன்னாலேயே அது பிரிந்து போகிறது. ஹாலில் எவ்வளவு நல்ல ஸ்ப்ளிட்டர் வைத்தாலும் மாடிக்கு அது தெரியாது.

மாடிப் போனுக்குத் தனியாக ஒரு ஃபில்டர் மாட்டினால் போதும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் ஸ்ப்ளிட்டரையே முதல் பெட்டிக்கு மாற்றினேன். போன் துளையிலிருந்து எல்லாப் போன்களும் பேரலலாக, மோடம் துளையிலிருந்து மோடத்துக்கு மட்டும் ஒரே ஒயர். காரணம், முனையில் ஒன்றும் மாட்டாமல் தொங்கும் கிளை ஒயரும் உயர் அதிர்வெண் சமிக்ஞையைத் திருப்பி அடித்துக் கெடுக்கும். கிளைகள் எல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் போய்விட்டால் அந்தக் கவலை இல்லை. மோடத்துக்குப் போகும் தட்டை ஒயரை எடுத்துவிட்டு முறுக்கிய ஜோடி ஒயராகப் போட்டேன். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் (எங்களுக்கு முகவரி 192.168.1.1) எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் இருக்கும். இரைச்சலைத் தாங்க எவ்வளவு இடம் மிச்சம் என்பதைச் சொல்வது அது. முன்பு 5 டெசிபலில் தள்ளாடிக்கொண்டிருந்தது 11க்கு ஏறியது. வேகச் சோதனையைவிட நான் நம்புவது இந்த எண்ணைத்தான்.

இதையே செய்யப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: போன் என்று நினைக்காத சாதனங்களும் லைனில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி, திருட்டு அலாரம் எல்லாவற்றுக்கும் ஃபில்டர் வேண்டும். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் மறுபடி ஃபில்டர் போட்டுக்கொண்டே போனாலும் நல்லதல்ல, குரல் மங்கும்.

மழை வந்ததும் வேறு மாதிரித் தொல்லை தொடங்கியது. மணி அடித்தால் நெட் போகும், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது நன்றாக ஓடும்! கேட்கத் தலைகீழாக இருக்கிறது, இல்லையா? வெளியே எங்கோ ஓர் இணைப்பு துருவேறியிருக்கும்போது இப்படி நடக்கும். பேசும்போது லைனில் ஓடும் மின்னோட்டம் அந்தத் துருப் படலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ரிசீவரை வைத்ததும் பழையபடி தடை. உறுதி செய்ய மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்றை முதல் பெட்டியில் மாட்டி, டயல் டோனை நிறுத்த ஓர் எண்ணை அழுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் கரகரவென்று சத்தம்.

இந்த முறை நெட் பற்றி வாயே திறக்கவில்லை. "போனில் கரகரப்பு, பேச முடியவில்லை" என்று மட்டும் புகார் பதிந்தேன். நெட் புகார் என்றால் மோடத்தில் ஆரம்பித்து மோடத்திலேயே முடிப்பார்கள். பேச்சில் கோளாறு என்றால் லைனைப் பார்க்க ஆள் வருவார். வந்தார். கம்பத்துப் பெட்டியைத் திறந்ததும் பச்சைப் பூத்த முனையைக் காட்டி, "இதுக்கு மோடம் என்ன பண்ணும்?" என்றார். வெட்டி, ஜெல் நிரப்பிய இணைப்பான் போட்டு முடித்தார். கரகரப்பும் போயிற்று, நெட்டும் அறுபடாமல் நிலைத்தது.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கு இந்த ஃபில்டர் வேலையே கிடையாது. போனை நேராக ஃபைபர் பெட்டியிலோ ரவுட்டரிலோ செருகிவிடுவார்கள், குரலும் தரவாகவே போகும். ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கேபிபிஎஸ்ஸுக்குள் போதும். அங்கே இடறுவது வேறு இடத்தில்: மின்சாரம் போனால் போனும் செத்துவிடும். செம்பு ஒயரில் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருவதால் ஒயர் போன் இருட்டிலும் அடிக்கும். ஃபைபருக்கு மாறுகிறவர்கள் அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.