அண்ணாச்சிக்கு மணி பத்து, கம்ப்யூட்டருக்கு மூணரை

செங்கோட்டையிலேர்ந்து புளியரை போற ரோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடை. ஆனி மாசச் சாரல். விடிஞ்சதுலேர்ந்து ரெண்டு தடவை கரண்ட் போய் வந்தாச்சு, மோடத்துக்கு இன்னும் உயிர் வரல. மதிய வண்டி டிக்கெட்டைப் பென்டிரைவுல போட்டு எடுத்துக்கிட்டு ஆரியங்காவு சேட்டன் ஒருத்தர் வந்து நிக்கிறார். திரையோட மூலையைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துப்போச்சு.

“அண்ணாச்சி, மூந்நர ஆயோ? வண்டி போயல்லோ!”

“அது கம்ப்யூட்டருக்கு மூணரை சேட்டா. நமக்குப் பத்துதான். உக்காருங்க.”

சேட்டன் உக்காரல. தன்னோட வாட்ச்சை ரெண்டு தடவை தட்டிப் பார்த்துக்கிட்டார்.

கைரேகைக் கருவிக்காக அந்தப் பெட்டியில விண்டோஸும் இருக்கு, மத்த வேலைக்கெல்லாம் லினக்ஸ். மதர்போர்டுல இருக்கிற கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் மணின்னு எடுத்துக்கும். லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது மணின்னு எடுத்துக்கிட்டு மேல அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டும். பத்து மூணரை ஆகிறது இப்படித்தான். நெட் வந்தா லினக்ஸ் தானே திருந்திக்கும். திருந்தினதோட நிக்காது, லினக்ஸோட மையமான கெர்னல் 11 நிமிசத்துக்கு ஒருக்க சரியான யுடிசி மணியை மதர்போர்டுலயும் எழுதி வைக்கும். அடுத்து விண்டோஸைத் திறந்தா காலை பத்து மணிக்கு விடியக்காலம் நாலரைன்னு காட்டும். ஒரே மேசையில ரெண்டு தேசம்.

இதுக்கு ஒரு வரிதான் மருந்து: ‘சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’. (டெர்மினல்ல இதை ஆங்கிலச் சின்ன எழுத்துலதான் அடிக்கணும்.) நெட் வந்து லினக்ஸ் மணி சரியான பிறகு அடிக்கிறதுதான் முக்கியம். மூணரை காட்டும்போதே அடிச்சா அந்த மூணரையே மதர்போர்டுல ஏறி உக்காந்துக்கும். அதுக்கப்புறம் வெறும் டைம்டேட்சிடிஎல்னு அடிச்சுப் பார்த்தா ஒரு எச்சரிக்கை வரும். அது பெரும்பாலும் கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணின்னு மாத்துற நாட்டுக்காரங்க கவலை, நமக்கில்ல.

நெட் வந்து மணி விவகாரம் தீர்ந்தும் பிரிண்ட் வரல. கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், சுத்துற ஹார்டு டிஸ்க், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். இந்த வேலைக்கு இது தாராளம்.

“என்னலே இது, நிமிசத்துக்கு ஒருக்க கொட்டாவி விடுதே?”

அண்ணாச்சி சரியாத்தான் பார்த்திருக்கார். நொடிமுள் பன்னெண்டைத் தொட்டதும் பெட்டியோட சிவப்பு லைட் எரியும், அப்படியே எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மவுஸ் தத்தித் தத்தி நகரும். பத்துப் பதினைஞ்சு நொடியில அடங்கும். அடுத்த நிமிசம் மறுபடி. ராத்திரி வேலை பார்க்கிற தம்பி வீடியோ பார்த்து வேகம் கூட்டுற மருந்தெல்லாம் போட்டு வச்சிருந்தான். அதுல முதல் மருந்து ‘ரேம் கிளீனர்’.

நேரம் வச்சுத் தானா ஓடுற வேலைகளைப் பட்டியல் போடுற ‘சூடோ கிரான்டேப் -எல்’ போட்டதும் ஆள் மாட்டிக்கிட்டார். ஒவ்வொரு நிமிசமும் டிராப்_கேச்சஸ்ல 3ன்னு எழுதுற ஒரு வரி. சும்மா கிடக்கிற ரேம்ல லினக்ஸ் அண்மையில படிச்ச ஃபைல்களை வச்சிருக்கும், கேட்டா உடனே எடுத்துக் குடுக்கும், வேற யாருக்காவது இடம் தேவைன்னா அந்த நொடியே விட்டுக்குடுக்கும். அதைப் போய் நிமிசத்துக்கு ஒருக்கக் கூட்டித் தள்ளினா, அடுத்து எதைத் தொட்டாலும் ஹார்டு டிஸ்க்கைக் கிண்டித்தான் எடுக்கணும். பலசரக்குக் கடையில தராசுப் பக்கத்துல இருக்கிற சர்க்கரை டப்பாவை நிமிசத்துக்கு ஒருக்க குடோனுக்குத் திருப்பி அனுப்பற வேலை இது. ‘ஃப்ரீ -எச்’ அடிச்சா ஃப்ரீங்கிற கட்டத்துல குறைவா இருக்குன்னு பயப்பட வேண்டாம். கடைசியில இருக்கிற அவைலபிள்தான் உண்மையான கையிருப்பு.

அடுத்தது காங்கி. திரையோரம் சிபியு, ரேம், நெட் வேகம்னு காட்டுற அழகுப் பலகை. அப்டேட்_இன்டர்வல் 0.2, அதாவது நொடிக்கு அஞ்சு தடவை கணக்கெடுப்பு. எந்த புரோகிராம் எவ்வளவு தின்குதுன்னு காட்டுற எச்டாப்பைத் திறந்தா சிபியு தின்கிறவங்க வரிசையில காங்கியே முன்னால நிக்கிது. யார் தின்கிறான்னு பார்க்க வந்தவன் இலை போட்டு உக்காந்துட்டான். அழகு வேணும்னா 5ன்னு மாத்தினா போதும். அண்ணாச்சிக்கு அழகு வேணாமாம்.

நடுவுல ஒரு விபத்து. பிடிஎஃப் ஜன்னல் உறைஞ்சு போச்சேன்னு தம்பி கன்ட்ரோல் ஆல்ட் எஸ்கேப் அழுத்தினான். எக்ஸ்கில் வந்து மவுஸ் அம்பு பெருக்கல் குறியா மாறும். உறைஞ்ச ஜன்னல் மேல இடது கிளிக், ஆள் காலி. அவசரத்துக்கு நல்ல சாமான்தான். ஆனா சேட்டன் “இது எந்தா?”ன்னு மவுஸ்ல கை வச்சு வெறும் இடத்துல கிளிக் பண்ணிட்டார். சுவர்ப்படத்துல இருந்த குற்றாலம் போச்சு, ஐகான் அத்தனையும் போச்சு. “ஞான் ஒண்ணும் செய்தில்லா”ன்னு கையை ரெண்டையும் மேல தூக்கிட்டார். நிஜமாவே பெரிய சேதமில்ல. போனது சுவர்ப்படத்தையும் ஐகானையும் காட்டுற எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் மட்டும். தானா வரலன்னா ஆல்ட் எஃப்2 அழுத்தி அந்தப் பேரை அடிச்சா எல்லாம் திரும்பி வந்துடும். எக்ஸ்கில்லைத் தெரியாம கூப்பிட்டுட்டா வலது கிளிக் பண்ணுங்க, பேசாமப் போயிடும்.

கழிச்சதெல்லாம் போக, போட்டது ரெண்டே ரெண்டு. முதலாவது இசட்ராம். ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல போய் எழுதற ஸ்வாப்பை ரேமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற ஏற்பாடு. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்ல பேக்கேஜ் பேரு இசட்ராம்-டூல்ஸ். ஈடிசி, டிஃபால்ட் ஃபோல்டர்ல இசட்ராம்ஸ்வாப்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல பர்சென்ட் வரிக்கு முன்னால இருக்கிற # குறியை எடுத்து 50ன்னு வைக்கணும். பழைய சிபியுவா இருக்கிறதால ஆல்கோ, அதாவது சுருக்குற முறை, எல்இசட்4. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் இசட்ராம்ஸ்வாப்’, அப்புறம் ‘ஸ்வாப்ஆன் --ஷோ’. பட்டியல்ல டிஸ்க் ஸ்வாப்பைவிட இசட்ராமுக்கு முன்னுரிமை எண் பெருசா இருக்கணும். 50ன்னா பாதி ரேம் பறிபோச்சுன்னு அர்த்தமில்ல. உள்ள எதாவது வந்து விழுந்தாத்தான் இடம் எடுக்கும்.

இங்கதான் தம்பியோட இன்னொரு வீடியோ குறுக்க வந்துச்சு. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமா எடுக்கலாம்னு சொல்ற ஸ்வாப்பினஸை 10 ஆக்கி வச்சிருந்தான், இயல்பு 60. ஸ்வாப் டிஸ்க்ல இருக்கும்போது சொல்ற அறிவுரை அது. இசட்ராமைப் போட்டுட்டு 10ல வச்சா, சமையக்காரரைக் கூட்டிட்டு வந்து அடுப்பைப் பூட்டின கதை. சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டர்ல ‘விஎம்.ஸ்வாப்பினஸ்=100’னு ஒரு ஃபைல், பிறகு ‘சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்’.

ரெண்டாவது எர்லிஊம். ரேம், ஸ்வாப் ரெண்டுலயும் மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழ போனா, பெரிய தீனிக்காரனைப் பார்த்து முதல்ல மரியாதையா வெளிய போகச் சொல்லும். 5க்கும் கீழ போனா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளும். பெரும்பாலும் அடிபடறது பிரவுசர் டேப்தான். யாரோட மனுவையோ பாதி அடிச்சு வச்சிருக்கிற லிப்ரே ஆபிஸ் சாகக் கூடாதுன்னா, டிஃபால்ட் ஃபோல்டர்ல எர்லிஊம் ஃபைல்ல --அவாய்டுன்னு போட்டு சாஃபிஸ்.பின்ங்கிற அதோட புரோகிராம் பேரைச் சேர்த்துடணும்.

கடைசியா தூக்கினது, காப்பி பண்ணினதையெல்லாம் சேர்த்து வைக்கிற கிளிப்போர்டு மேனேஜர். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அருமையான சாமான். ஜெராக்ஸ் கடைக்கு ஆகவே ஆகாது. திறந்து பார்த்தா நேத்து வந்தவங்க ஆதார் நம்பர், பேங்க் கணக்கு நம்பர், யாரோ ஒருத்தர் பாஸ்வேர்டு எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு. பேக்கேஜை மட்டும் எடுத்தா பத்தாது, முதல்ல ஹிஸ்டரியை அழிக்கணும்.

எல்லாம் முடிஞ்சு பிரிண்ட் குடுத்தா கம்ப்யூட்டர் ஒரு நொடி கூட யோசிக்கல. பிரிண்டர் மட்டும் மூணு தாளைச் சேர்த்து இழுத்துச் சிக்கிக்கிச்சு. சாரல்ல பேப்பர் கட்டு ஈரம் வாங்கி ஒட்டிக்கிடக்கு. அண்ணாச்சி கட்டை எடுத்து விசிறி மாதிரி விரிச்சு ஃபேனுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். சேட்டன் இன்னும் உக்காரல.

“இதுக்கு என்ன பேக்கேஜ்லே போடணும்?”