24 பக்கப் படக்கதை: பிரதி கைக்கு வந்ததிலிருந்து அச்சு ஏறும் வரை

குழந்தைகள் புத்தகத்துக்கு ஓவியம் வரையக் கதைப் பிரதி கைக்கு வந்ததும் வண்ணப்பெட்டியைத் திறக்காதீர்கள். ஏ4 தாள் ஆறு எடுத்து, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின் அடியுங்கள். இதுதான் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், 24 பக்கம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், கடைசிப் பக்கம் எழுத்தாளர், ஓவியர் பற்றிய குறிப்பு. இவை போக 3ஆம் பக்கம் தனியாக நிற்கும், அதன் பிறகு பத்து இரட்டைப்பக்கங்கள். கதை இதற்குள் அடங்கியாக வேண்டும். பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) 16ஆகவும் 8ஆகவும்தான் ஓடும் என்பதால், "ஒரு பக்கம் மட்டும் கூட்டிக்கொள்ளலாமா" என்று கேட்டுப் பயனில்லை.

பிரதியை அச்செடுத்து, வரிகளைக் கத்தரித்து டம்மியில் ஒட்டிப் பாருங்கள். எங்கே பக்கம் திரும்புகிறது என்பதுதான் இங்கே முக்கியம். திடுக்கிட வைக்கும் விஷயம் வலப்பக்கத்தில் வந்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே குழந்தையின் கண் அங்கே போய்விடும். அதைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்துக்குத் தள்ளுங்கள். எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். "பாட்டி கண்ணாடியைத் தேடினாள்" என்று வரி இருந்தால், கண்ணாடி பாட்டியின் தலையிலேயே இருக்கட்டும். வரி அதைச் சொல்லாது, குழந்தை கண்டுபிடிக்கும்.

அடுத்து பாத்திரத் தாள், அதாவது ஒரு பாத்திரத்தின் எல்லாத் தோற்றமும் ஒரே இடத்தில். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், உட்கார்ந்த நிலை, ஓடும் நிலை, நான்கைந்து முகபாவம். நாலு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய ஐந்து தலை, பெரியவர்களுக்கு ஏழு, ஏழரை. பெரியவரைச் சுருக்கி வரைந்தால் குழந்தை வராது, குள்ளமான மாமாதான் வருவார். பை எந்தத் தோளில், எந்தக் கையில் வளையல், ரிப்பன் என்ன நிறம் எல்லாவற்றையும் தாளிலேயே எழுதி வையுங்கள். 14ஆம் பக்கத்தில் காணாமல் போன வளையலை எடிட்டர் விட்டாலும் ஐந்து வயது வாசகர் விடமாட்டார்.

ரஃப் ஸ்கெட்ச் போடும்போதே எழுத்துக்கு இடம் விடுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். துளிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் கொண்டுவருகின்றன. ஆங்கிலப் பிரதியை வைத்து அளந்து இடம் விட்டால் தமிழ் அதில் உட்காராது. "எடுத்துக்கொண்டிருந்தாள்" ஒற்றைச் சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். மேலே புள்ளி, கீழே சுழி என்று வருவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அதிக இடம் விடுவது பாதுகாப்பு. கடைப் பலகை, பேருந்துப் பலகை எழுத்தெல்லாம் படத்தோடு சேராமல் தனி லேயரில் (கோப்பில் தனியாக மாற்றக்கூடிய அடுக்கு) இருக்கட்டும்.

எழுத்து வரும் இடத்தில் பின்னணி வெளிர்நிறமாக இருப்பது நல்லது. கறுப்பு எழுத்தென்றால் மொழி மாறும்போது கறுப்பு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியாக வரும் அச்சுத்தகடு) ஒன்றை மாற்றினால் போதும். இரவுக் காட்சியில் வெள்ளை எழுத்து விட்டால் நான்கு பிளேட்டையும் புதிதாகப் போட வேண்டும். அம்புலிமாமா வந்த காலத்தில் அதிலும் இதே கணக்குதான்: சங்கர் வரைந்த வேதாளம் எல்லா மொழிப் பதிப்புக்கும் ஒன்றாகவே இருந்தது, எழுத்து மட்டும் மாறியது.

அளவுக்கு வருவோம். 21 செ.மீ. சதுரப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் இரட்டைப்பக்கம் 42 x 21. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 42.6 x 21.6. ஏ3 தாளின் நீளம் 42 செ.மீ.தான், அதாவது ஆறு மில்லிமீட்டர் பற்றாது! வாட்டர்கலர் என்றால் 38 x 56 செ.மீ. தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்). அதற்குக் குறைந்த கனத்தில் ஈரம் பட்டதும் தாள் அலையலையாக எழும்பும், ஸ்கேனில் அது நிழலாக விழும். டிஜிட்டல் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 5030 x 2550 பிக்சல்.

நடுமடிப்பில் முகம், கை, எழுத்து எதுவும் வரக் கூடாது. பின் அடித்த புத்தகத்தில் 12, 13ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும். மற்ற இரட்டைப்பக்கங்களின் இரு பாதியும் வேறு வேறு இடத்தில் அச்சாகி மடிப்பில்தான் சந்திக்கும். மெல்லிய சாய்கோடு ஒன்று அங்கே தாண்டினால், ஒரு மில்லிமீட்டர் விலகலும் கண்ணில் குத்தும்.

பெரிய படத்தை இரண்டு துண்டாக ஸ்கேன் செய்யும்போது, இரண்டாவது பாதிக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள். ஸ்கேனர் வெளிச்சம் ஒரு பக்கமிருந்தே விழுகிறது. திருப்பினால் தாளின் சொரசொரப்பு நிழலும் திசை மாறி, ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். வெளிர் மஞ்சள் ஸ்கேனில் வெளுத்துப் போகும் என்பதால் அசலைப் பக்கத்தில் வைத்தே திருத்துங்கள்.

திரையில் மின்னும் பச்சை, ஆரஞ்சு, ரோஸ் மூன்றும் சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நான்கு மையில், மங்கிவிடும். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை உறிஞ்சப்பட்டு இன்னும் மங்கும். ஆகவே எந்தத் தாள் என்று பதிப்பகத்தைக் கேட்டுவிட்டு நிறம் தேர்ந்தெடுங்கள். அடர் இருட்டில் நான்கு மையின் கூட்டு 300 சதவீதத்தைத் தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ப்ரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரி) மொபைலில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், தாள் ப்ரூஃப் கேளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே சொன்னாலும், அதில் கையெழுத்து ரஃப் ஸ்கெட்சுக்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(b) பிரிவின்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே "பதிப்புரிமை ஓவியருக்கு" என்ற வரி எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். மொழிகள், மின்னூல், பொம்மை, காலண்டர் எல்லாவற்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்துக்கு வரைந்தால் கணக்கே வேறு: அங்குள்ள கதைகள் பெரும்பாலும் சிசி பை (CC BY) என்ற பொது உரிமத்தில் வருபவை. பெயர் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். தெரிந்து ஒப்புக்கொண்டால் நல்ல ஏற்பாடுதான்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கேட்பது வழக்கம்: கையெழுத்தில் ஒரு பங்கு, ரஃப் ஒப்புதலில் ஒரு பங்கு, ஃபைனல் கொடுத்ததும் மீதி. "புத்தகம் வெளியானதும்" என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள், வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இலவசத் திருத்தம் ரஃபில் இரண்டு முறை, ஃபைனலில் ஒரு முறை என்று வரையறுத்துவிடுங்கள். வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தருவார்கள், அசல் ஓவியங்கள் எப்போது திரும்பி வரும் என்பதும் எழுத்தில் வரட்டும். லேயர் பிரித்த கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த மொழிப் பதிப்புக்கு அதைத்தான் கேட்பார்கள்.