ஐம்பது டாலரும் ஆறு வருடமும்: ஹாங்காங் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஊர்ப்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கணக்கு

பிலிப்பைன்ஸில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இலவசமாக்கி 1988-இலேயே சட்டம் வந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைப் படிப்புக்கான கட்டணத்தை 2017-இல் நீக்கிவிட்டார்கள். பிறகு எதற்காக ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் தங்கள் சம்பளத்தில் பிடித்து, சொந்தமில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புகிறார்கள்? பள்ளிக்குப் போய்வர வண்டிக்காசு வேண்டும், மதியம் சாப்பிடக் காசு வேண்டும். இந்தத் தினச்செலவை அங்கே 'பாவோன்' என்பார்கள். பல பிள்ளைகள் படிப்பை விடுவது இதற்கு வழியில்லாமல்தான்.

விடுகிற இடமும் தெரிந்ததே. தொடக்கப் பள்ளி பெரும்பாலும் சொந்த பராங்காயிலேயே, அதாவது ஊரின் கடைசி நிர்வாக அலகுக்குள்ளேயே, இருக்கும், நடந்தே போகலாம். ஏழாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி மாறும்போது ட்ரைசைக்கிளிலோ, ஜீப்னி எனும் சிறு பேருந்திலோ ஏற வேண்டும். 2013 சட்டத்துக்குப் பிறகு பள்ளிப்படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரை நீண்டுவிட்டதால், ஏழில் தொடங்கினால் ஆறு வருடம் தாங்க வேண்டும். அதனால்தான் இந்த வேலையில் பழுத்தவர்கள், "எத்தனை பிள்ளைகளுக்கு உதவலாம்?" என்று தொடங்குவதில்லை. "ஆறு வருடம் விடாமல் எத்தனை பேரைத் தாங்க முடியும்?" என்றுதான் தொடங்குவார்கள். இதைவிட முக்கியமான கேள்வி இந்த வேலையில் கிடையாது என்பேன். இருபது பிள்ளைகளை ஒரு வருடம் தூக்கிவிட்டு எட்டாம் வகுப்பில் கைவிடுவதைவிட, ஏழு பேரைக் கடைசிவரை கொண்டுபோவது நல்லது. நம்பி ஏறிய பிள்ளையை நடுவழியில் இறக்குவது கொடுமை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போக வர 30 பெசோ, சாப்பாட்டுக்கு 40 பெசோ என்று வைத்தால் நாளுக்கு 70. மாதம் இருபது பள்ளி நாள் என்றால் 1,400. பத்து மாதத்துக்கு 14,000. வருடத் தொடக்கத்தில் காலணி, பை, நோட்டு, சீருடைக்கு ஒரு 3,000. ஆக, ஒரு பிள்ளைக்கு வருடம் 17,000 பெசோ. ஆறு வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அரசுப் பள்ளியில் சீருடை கட்டாயமில்லை என்று கல்வித்துறை 2008-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வகுப்பில் எல்லோரும் போட்டிருக்க ஒரு பிள்ளை மட்டும் வண்ணச்சட்டையில் உட்காருவதென்றால், அது பள்ளிக்கே வராது. அந்தச் செலவை வெட்டாதீர்கள்.

இனி வரவு. ஒரு குழுவில் நாற்பது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 50 ஹாங்காங் டாலர் போட்டால் 2,000 டாலர். ஒரு டாலருக்கு ஏழு பெசோ என்று குறைத்தே பிடித்தாலும் மாதம் 14,000, வருடம் 1,68,000 பெசோ. எட்டுப் பிள்ளைகளுக்கு 1,36,000 போக மீதி 32,000. அந்த மீதியைப் பார்த்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளக் கை பரபரக்கும். வேண்டாம். உறுப்பினர்களில் சிலர் வேலை மாறுவார்கள், சிலர் ஊருக்கே திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு நோய்நொடியும் வரும். மீதி அதற்குத்தான்.

ஐம்பது டாலர் என்பது சிறிய தொகையாகத் தெரியலாம். 2025 செப்டம்பர் 30 முதல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் வீட்டுப்பணியாளரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,100 டாலர். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று இது. சொந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அனுப்பிய பிறகு மிஞ்சுவதிலிருந்து வருகிறது. இதற்கு மேல் கட்டாயத் தொகை வைத்த குழுக்களில் சில மாதங்களிலேயே பலர் நின்றுவிடக்கூடும்.

திரட்டும் விதத்தில் சட்டச் சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் சேட்டர் சாலையை வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். இவ்வளவு கூட்டம் இருக்கிறதே, உண்டியலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று தோன்றும். பொது இடத்தில் தர்மத்துக்குப் பணம் திரட்ட சமூகநலத் துறையின் அனுமதி வேண்டும். குலுக்கல் சீட்டு விற்க வேறு உரிமம் வேண்டும். இவற்றைவிட ஆபத்தானது, வீட்டில் சமைத்த பன்சிட், லும்பியா போன்ற ஊர்ப் பலகாரங்களை விற்று நிதி சேர்ப்பது. வீட்டுப்பணி விசாவில் இருப்பவர் ஒப்பந்தத்துக்கு வெளியே எந்த வேலையும் செய்யக் கூடாது. லாபம் முழுவதும் பிள்ளைகளுக்கே என்றாலும் அது விசா நிபந்தனை மீறலாகப் பார்க்கப்படலாம். தண்டனை 50,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. நல்ல காரியம் என்பது அங்கே வாதமாகாது. ஆகவே உறுப்பினர் சந்தாதான் பத்திரமான வழி. நம் ஊர்ச் சீட்டு போல அவர்களிடம் பலுவாகன் உண்டு. மாதாமாதம் தவறாமல் கட்டுகிற பழக்கம் அதிலிருந்தே கைவந்திருக்கிறது. குழு தொடங்கியதும் ஒரு மாதத்துக்குள் காவல்துறையின் சங்கப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பணம் யாரிடம் இருப்பது? குழுக்கள் உடைவது அநேகமாக இங்கேதான். சிறு குழுக்களுக்கு வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம் என்பதால் பொருளாளரின் சொந்தக் கணக்கிலேயே சேரும். ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்தில் அவர் ஹாங்காங்கை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. வேலை போன அந்த இரண்டு வாரத்தில் அவர் விமானச் சீட்டு, அடுத்த ஏஜென்சி, வீட்டுக்கடன் என்று அலைவார். பொதுப்பணம் அவர் கணக்கில் கிடந்தால் நேர்மையானவருக்கும் அது சோதனைதான். ஆளைச் சந்தேகிப்பதைவிட இருப்பைக் குறைப்பது மேல். ஞாயிறு மாலை இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். நகல் விழுகிற ரசீதுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதே மாதம் மொத்தமாக ஒரே தடவையில் அனுப்பிவிட வேண்டும். அனுப்பும் கட்டணம் தடவைக்கு இவ்வளவு என்பதால், ஒரே தடவையாக அனுப்பினால் கட்டணமும் மிச்சம். ஹாங்காங்கில் ஒரு மாதத்துப் பணத்துக்கு மேல் தங்கக் கூடாது. மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு பிலிப்பைன்ஸில், இரண்டு கையெழுத்து தேவைப்படும் கணக்கில் இருக்கட்டும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை பராங்காய்த் தலைவரிடம் மட்டும் விட்டால் அவருடைய உறவினர் பட்டியல்தான் வரும். ஆறாம் வகுப்பு ஆசிரியரையும் பராங்காயின் சுகாதாரப் பணியாளரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்களை முதலில் பாருங்கள். அரசின் 'பன்தாவிட்' உதவித் திட்டத்தில் அந்தக் குடும்பம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். 2019 சட்டப்படி அதில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு மாதம் 500 பெசோ, பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு 700. அதுவும் வருடத்தில் பத்து மாதம், குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள் வரைதான். பட்டியலில் விடுபட்ட குடும்பங்களும், நான்காவது ஐந்தாவது பிள்ளைகளும்தான் அதிகம் தவிப்பவர்கள். கையில் வாங்கி வைக்க வேண்டியவை மூன்றே: மதிப்பெண் அட்டை, பன்னிரண்டு இலக்க மாணவர் எண், பராங்காய் தரும் வறுமைச் சான்று.

பாவோனை மாத மொத்தமாகத் தராதீர்கள். வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும்போது தாய் அந்தப் பணத்தில் அரிசிதான் வாங்குவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வாரம் 350 பெசோ வீதம், ஞாயிறு இரவு ஜிகேஷ் என்ற கைபேசிப் பணப்பையில் போட்டால் திங்கட்கிழமை வண்டிக்குக் காசு இருக்கும். காலணியைக் கடையிலேயே வாங்கித் தந்துவிடலாம். பள்ளி ஜூனில் திறக்கிறது என்றால் அந்தப் பணம் மே மாத நடுவிலேயே போய்ச்சேர வேண்டும். வருகைப் பதிவைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால் பணத்தை நிறுத்துவதற்கு முன் ஆளை அனுப்பி விசாரியுங்கள்; அறுவடையாக இருக்கும், அல்லது தம்பிக்குக் காய்ச்சலாக இருக்கும். பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டு நன்கொடை கேட்பதை அறவே விடுங்கள். பெற்றுக்கொண்டவர்கள் என்ற பட்டத்தோடு அவர்கள் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

பொருளாக அனுப்பும் ஆசை எல்லோருக்கும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பாலிக்பாயன் பெட்டிக்கு வருடம் மூன்று முறை, மொத்தம் 1,50,000 பெசோ மதிப்பு வரை சுங்கவரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை குடும்பத்துக்கு அனுப்பும் வீட்டுப்பொருளுக்குத்தான். ஒரே மாதிரி ஐம்பது பைகள் உள்ளே இருந்தால் வணிகச் சரக்கு என்று நிறுத்திவிடுவார்கள். நோட்டும் பையும் மணிலாவின் திவிசோரியா சந்தையில் மொத்த விலைக்கே கிடைக்கும்போது கடல் வழியாக அனுப்புவது காசுக்கும் நாளுக்கும் கேடு. மருந்தைப் பெட்டியில் போடவே கூடாது.

மருத்துவத்தில் ஒருநாள் முகாம் என்றால் கூட்டம் சேரும், படம் எடுக்கலாம். வைட்டமின் சொட்டு கொடுத்துவிட்டு எல்லோரும் போன பிறகு காது சீழ்பிடித்த பிள்ளையை யார் பார்ப்பது? நகராட்சி சுகாதார அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். பள்ளிகளில் குடற்புழு மாத்திரை ஜனவரியிலும் ஜூலையிலும் அரசே தருகிறது. நீங்களும் தனியாகத் தந்தால் இரட்டிப்பாகும். 2015 ஜூலையில் சம்போவாங்கா தீபகற்பத்தில் அந்த மாத்திரையைப் பற்றிப் பரவிய வதந்தியால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினார்கள். 2017 இறுதியில் பள்ளிப்பிள்ளைகளுக்கான டெங்கு தடுப்பூசித் திட்டம் பாதுகாப்பு அச்சத்தால் நிறுத்தப்பட்டதிலிருந்து தாய்மாருக்குப் பள்ளியில் தரும் எதன் மீதும் பயம் இருக்கிறது. எழுத்துச் சம்மதம், என்ன மருந்து என்ற விளக்கம், வெறும் வயிற்றில் எதையும் தராமை, இம்மூன்றும் தவறக் கூடாது.

குறைந்த காசில் அதிகப் பலன் பல்லில் இருக்கிறது. 2006-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல். பல்வலியோடு எந்தப் பிள்ளையும் பாடம் கேட்காது. ஃபுளோரைடு பற்பசையால் தினமும் பள்ளியிலேயே பல் துலக்கவைக்க ஒரு வரிசைக் குழாயும், பெயர் எழுதிய பிரஷ்களும், ஒப்புக்கொள்ளும் ஆசிரியரும் போதும். கண்ணுக்கு ஆறு மீட்டரில் எழுத்துப் பலகை. படிக்கத் தடுமாறுகிறவரை மட்டும் கண்ணாடிக்கு அனுப்பலாம்.

பெரிய நோய் வந்தால் மருத்துவமனைக் கட்டணத்தில் கையிருப்பைக் கொட்டிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மலசாகிட் மையங்கள் இருக்கின்றன. 2019-இல் அவற்றுக்குச் சட்டமே வந்துவிட்டது. மருத்துவச் சுருக்க அறிக்கையும் வறுமைச் சான்றும் கொண்டுபோனால் கட்டணத்தில் உதவி கிடைக்கும். அங்கே கிடைக்காதவை பேருந்துக் காசு, கூட இருக்கும் தாயின் சாப்பாடு, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை. குழுவின் பணம் அங்கே போகட்டும். 3,000 பெசோ வரை கூட்டம் போடாமலே உடனே அனுப்பலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வையுங்கள். இரவில் காய்ச்சல் ஏறிய பிள்ளை அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காது.