அறுபது கடல் மைல் தொலைவில்

டிசம்பர் மாதத்தில் தென்சீனக் கடல், மலேசியாவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள குவாந்தான் கரையில் எப்படி வந்து மோதும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தெலுக் செம்பெடாக் கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறிவிடும்; தஞ்சோங் லும்புர் மீனவர்கள் படகுகளை ஆற்றுக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டு, கிழிந்த வலைகளைத் தைக்க உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மாதத்தின் பத்தாம் தேதியை மனத்தில் வைத்துத்தான் சிலர் இங்கிலாந்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, கரையிலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில் இருக்கும் ஓர் இடத்துக்குத் தங்களை அழைத்துப் போகும்படி என்னைக் கேட்பார்கள்.

நான் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. சுங்கை லெம்பிங்கின் பழைய வெள்ளீயச் சுரங்கத்தையும் கடற்கரையையும் சுற்றிக் காட்டுவதே என் அன்றாட வேலை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே இந்த விருந்தினர்கள் வருவார்கள். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கைப்பையில் ஒரு நெகிழி உறைக்குள் கடற்படைச் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் படம் பத்திரமாக இருக்கும்.

1941 டிசம்பர் 10ஆம் தேதி நண்பகலை ஒட்டி, ஒரு மணி நேர இடைவெளிக்குள், பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு பெருங்கப்பல்கள் இந்தக் கடலில் மூழ்கின. முதலில் 12:33க்கு ரிபல்ஸ் கவிழ்ந்தது. அடுத்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். கோத்தா பாருவிலும் சயாம் (இன்றைய தாய்லாந்து) கரையிலும் தரையிறங்கிய ஜப்பானியரைத் தாக்குவதற்காக டிசம்பர் 8ஆம் தேதி மாலை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட அவை, எதிரியின் கண்ணில் பட்டுவிட்டதால் திரும்பிக்கொண்டிருந்தன. குவாந்தானிலும் படை இறங்குகிறது என்று வந்த ஒரு தவறான செய்தியை நம்பி வழி மாறி வந்தபோது, மேலே காவலுக்கு ஒரு போர்விமானம்கூட இல்லாத நிலையில், ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டுக்கொண்டன. இரண்டு கப்பல்களிலுமாக 840 பேர் இறந்தார்கள்; அவர்களில் 513 பேர் ரிபல்ஸைச் சேர்ந்தவர்கள். உடன் வந்த சிறு நாசகாரிக் கப்பல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நீரிலிருந்து மீட்டு, அன்றிரவே சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. போர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் பெருங்கப்பல்களின் காலம் முடிந்த நாள் என்பார்கள். என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இடம் எங்கே, ஆழம் எவ்வளவு என்று மட்டுமே கேட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம், இரண்டு சகோதரர்களிடம் டிசம்பர் பத்தாம் தேதிக்குப் படகு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணமும் வாங்கியிருந்தது. அந்த மாதத்தில் எந்தப் படகோட்டியும் வரமாட்டான் என்பதை அவர்களிடம் சொல்லும் பொறுப்பு, அவர்கள் வந்து இறங்கிய பிறகு என் தலையில் விழுந்தது. மழை கொட்டும் கடற்கரையில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மூத்தவர் குடையை மடக்கிவிட்டு, “எந்தத் திசை?” என்று கேட்டார். நான் கையைப் பொதுவாகக் கடல் பக்கம் நீட்டினேன். இரண்டு பேரும் என் விரல் காட்டிய திசையையே கண்கொட்டாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் விரல் சரியான இடத்தைக் காட்டவில்லை என்பது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே கடல் வரைபடம் ஒன்றை வாங்கி, கோடு போட்டுப் பார்த்துக்கொண்டேன். தெலுக் செம்பெடாக்கில் நிற்கிறவருக்கு அந்த இடம் நேர்கிழக்கிலிருந்து சற்றே தெற்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. அன்று முதல் யாருக்கும் திசையைத் தவறாகக் காட்டியதில்லை.

இந்த வேலையில் எனக்கு இவ்வளவு பிடிப்பு உண்டானதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அந்த இரண்டு கப்பல்களும் மூழ்கிய பிறகு மலாயாவின் கிழக்குக் கடலில் ஜப்பானியரைத் தடுக்க ஆளில்லாமல் போனது. இரண்டே மாதங்களில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன்பின் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்படிப் போய்த் திரும்பாதவர்களில் என் பாட்டியின் மூத்த அண்ணனும் ஒருவர். எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா இல்லையா என்று எதுவும் தெரியாததால், பாட்டியால் அவருக்குத் திதி கொடுக்க முடியவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் படையலில் அவர் பெயரைச் சொல்லி ஒரு வேட்டியை மட்டும் தனியாக எடுத்து வைப்பார். அந்த வேட்டியின் மடிப்பைக் கையால் தடவிச் சரிசெய்துகொண்டே இருப்பார். யாராவது கூப்பிட்டாலும் உடனே எழுந்திருக்கமாட்டார். ஓர் இடத்தைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

பிறகு நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது, விசாரிக்கிற குடும்பங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஏப்ரலில் வாருங்கள், பத்தாம் தேதிதான் முக்கியம் என்றால் கரையோடு நின்றுவிட வேண்டியிருக்கும். பலர் நாளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஓர் அம்மையாரை என்னால் மறக்க முடியாது. அவருடைய தந்தை ரிபல்ஸில் இருந்தவர். 1942 ஜனவரியில் மகள் பிறந்தபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிளைமவுத் கடற்படை நினைவுச் சின்னத்தில் தந்தையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறு வயதில் தாயார் ஆண்டுதோறும் அங்கே அழைத்துப் போய் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாராம். “ஆனால் அவர் அங்கே இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்றார்.

2009 ஏப்ரலில், நள்ளிரவு தாண்டியதும் மீன்பிடிப் படகில் புறப்பட்டோம். போய்ச்சேர ஏழு மணி நேரம் பிடித்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. படகோட்டி மலாய்க்காரர், மூழ்கிய கப்பல்களைச் சுற்றி மீன் அதிகம் என்பதால் அவருக்கு அந்த இடம் பல ஆண்டுப் பழக்கம். நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, ஆழம் பார்க்கும் கருவியின் சிறிய திரையைக் காட்டினார். அதில் கடலடி நேர்கோடாகவே ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தக் கோடு மேலேறிச் சிவப்பு மேடாகி, சிறிது தூரம் அப்படியே நீண்டு, மறுபடியும் தரையில் இறங்கியது. படகோட்டி ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு மிக அருகில் குனிந்து, அந்த மேட்டின் மேல் விரல்களை வைத்தார். ஆழம் எவ்வளவு என்று கேட்டார். ஏறத்தாழ 55 மீட்டர் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “எங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரத்தின் உயரம்தான். நான் என்னவோ அளக்க முடியாத ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். கொண்டுவந்த பூக்களை நீரில் விட்டது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். அதுவரை படகின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி, எங்களுக்குக் கேட்காத குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் லீச் குடும்பத்தின் கதையைச் சொன்னவரும் அவர்தான். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் தலைவர் ஜான் லீச். அவருடைய மகன் ஹென்றிக்கு அப்போது 18 வயது. மகனும் முதலில் அதே கப்பலுக்குத்தான் நியமிக்கப்பட்டிருந்தார். தந்தை தலைமை ஏற்றதால் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டார். கப்பல் புறப்படுவதற்கு முன் இருவரும் சிங்கப்பூரில் சந்தித்துக்கொண்டார்கள். பத்தாம் தேதி இரவு, மீட்கப்பட்டவர்கள் எண்ணெய் அப்பிய உடம்போடு கடற்படைத் தளத்தில் வந்து இறங்கியபோது, மகன் அந்தக் கூட்டத்துக்குள் தந்தையைத் தேடி நடந்தார். தந்தை வரவில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பு வரைக்கும் உயர்ந்தவர் அந்த மகன். அவர் அன்று நடந்த நடையைத்தான் தன் தாயார் வாழ்நாள் முழுவதும் மனத்துக்குள் நடந்துகொண்டிருந்தார் என்று அந்த அம்மையார் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான் இந்த வேலையின் கொடுமையான பகுதியைப் பார்த்தேன். கப்பல்களிலிருந்து வெண்கலச் சுழல்விசிறிகள் காணாமல் போயிருப்பதாகச் செய்தி வந்தது. பழைய இரும்புக்காகச் சிலர் வெடி வைத்துத் தகடுகளைப் பிளந்து அள்ளுகிறார்கள் என்று மீனவர்கள் கரையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு கப்பல்களும் பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவைதாம். ஆனால் வேறு நாட்டுக் கொடியோடு வரும் கப்பலை அந்தச் சட்டத்தால் நடுக்கடலில் நிறுத்த முடியாது. 2023 மே மாதம் ஜோகூர் கடற்பகுதியில் ஒரு சீனக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்துவைத்தபோது, அதில் பழைய இரும்பும் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அந்தப் படங்களை என்னால் செய்தியாக மட்டும் பார்க்க முடியவில்லை. இரும்பை எடை போட்டு விற்கிறவன், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேதான் விற்கிறான். இது கல்லறைத் திருட்டு. வேறு பெயரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. வயது எண்பதைத் தாண்டியிருந்தது, எழுத்து நடுங்கியிருந்தது. யாரையும் திட்டவில்லை. “நாம் திரையில் பார்த்தது இன்னும் அங்கே இருக்கிறதா?” என்ற ஒரே கேள்விதான் கேட்டிருந்தார். தெரியாமல் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. படகோட்டி அந்தப் பக்கம் போகும்போது பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். 2024 ஏப்ரலில் அதே படகோட்டி மீன்பிடிக்கப் போனபோது, அந்த இடத்துக்கு மேலே படகை மெதுவாக ஓட்டித் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்தார். என்னிடம் காட்டும்போது, “அண்ணே, முன்னே மாதிரி இல்லை” என்று அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார். மேடு இருந்தது. ஆனால் முன்பு பார்த்ததைவிடத் தாழ்ந்து, நடுவில் ஓரிடத்தில் உடைந்திருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்தப் படத்தை அப்படியே அச்சிட்டு, பின்புறத்தில் தேதியையும் ஆழத்தையும் எழுதி, அஞ்சலில் அவருக்கு அனுப்பிவைத்தேன்.