காலி செய்த வீட்டுக்கு வந்த பில்

அக்டோபர் 6

பழைய வீட்டுக்கு என் பெயரில் பராமரிப்பு பில் வந்திருக்கிறது. இப்போது அங்கே குடியிருப்பவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “கடைசித் தேதி பக்கத்துல இருக்கு சார், அதான் உடனே அனுப்பினேன்” என்றார். அவர் அதை மூலையில் போட்டுவிட்டும் போயிருக்கலாம், அனுப்பினாரே, பெரிய உதவி. ஜூலை முதல் செப்டம்பர் வரை முழுசாகப் போட்டிருக்கிறார்கள். நான் சாவி கொடுத்தது ஆகஸ்ட் 14.

அக்டோபர் 7

நேற்று இருந்த கோபத்தில் எதையும் கட்டக்கூடாது என்றுதான் தோன்றியது. ராத்திரி நிதானமாக உட்கார்ந்து பார்த்தால் அது நியாயமில்லை, ஏனென்றால் பில் எப்போது வந்தது என்பது முக்கியமில்லை, எந்த நாட்களுக்கு வந்தது என்பதுதான் கணக்கு. ஜூலையில் 31, ஆகஸ்டில் 14, ஆக 45 நாள் நானும் அந்த லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறேன், எனக்காகவும் படிக்கட்டு விளக்கு எரிந்திருக்கிறது. 92 நாளில் அந்த 45 என்னுடையது. மீதி 47 இல்லை.

தண்ணீர்தான் உறுத்துகிறது. சாவி கொடுத்த அன்று மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தேன், கண்ணாடியில் படிந்த தூசியை விரலால் துடைத்த தடம்கூட அதில் தெரிகிறது: 847. பில்லில் 871, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘உத்தேசம்’. யாரும் போய்ப் பார்க்கவே இல்லை!

அக்டோபர் 9

பில் அனுப்பியவர்களுக்குப் போன் செய்தேன், மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். நான் காலி செய்த தகவலே அவர்களுக்குப் போகவில்லை, சிஸ்டத்தில் இன்னும் என் பெயர்தான். சரி, இனி போன் வேண்டாம் என்று சாவி ஒப்படைத்த கடிதம், மீட்டர் போட்டோ இரண்டையும் மெயிலில் வைத்து, திருத்திய பில் கேட்டேன். 45 நாளுக்கான பராமரிப்பை இன்றே கட்டிவிட்டேன், எந்தத் தேதிவரை என்று குறிப்பிலும் எழுதினேன். ஒத்துக்கொள்வதைக் கட்டாமல் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் அபராதம்தான் ஏறும். வீட்டைக் காலி செய்யும்போதே ஆட்டோ டெபிட்டை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் முழுத் தொகையும் போயிருக்கும், அப்புறம் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

லிப்ட் ரிப்பேருக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், பெரிய பழுது ஓனர் பொறுப்பு. அவரும் மறுக்கவில்லை.

அக்டோபர் 24

திருத்திய பில் வந்தது, 847 என்று. தண்ணீர்ப் பாக்கியையும் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்று கடிதமாகவே வாங்கிவிட்டேன். அட்வான்ஸில் பிடித்து வைத்த பணத்துக்கு ஓனர் இதைத்தான் கேட்டிருந்தார்.

புதிதாக வந்தவர் குடியேறியது செப்டம்பர் 1. நடுவில் 17 நாள் வீடு பூட்டிக் கிடந்தது, அது அவர் தலையில் விழக்கூடாது. மீட்டர் போட்டோவை அவருக்கும் அனுப்பி, உங்கள் சாவித் தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள் என்றேன். உடனே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து நம்பர் அனுப்பினார்: 862.