நிறை கேட்ட விமானம்

மே 11, ஞாயிறு

நடைக் குழுவின் இந்த வருடப் பயணத்துக்கு இடம் முடிவாகிவிட்டது. கனடாவில், வன்கூவருக்கு எதிரே கடலுக்கு அப்பால் தீவில் இருக்கிற விக்டோரியா நகரத்துக்குப் பக்கத்துப் புச்சார்ட் பூந்தோட்டம். நாங்கள் வன்கூவருக்கு வந்து 20 வருடமாகிறது, ஊரிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த விருந்தாளிகள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போன இடம், நான் மட்டும் போகவில்லை. பூப் பார்க்கக் காசு கொடுப்பதா என்பது என் பழைய வாதம். ஆனால் போகும்போது கடல்விமானம், அங்கே பின்னேரத் தேத்தண்ணி, திரும்பும்போது கப்பல் என்று கணக்கு வாத்தியார் திட்டத்தை வாசித்ததும் முதல் கை தூக்கியதும் நான்தான்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. 13 பேருக்கென்று ஒரு முழு விமானத்தையே பேசுவதால் ஒவ்வொருவருடைய நிறையையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். சின்ன விமானம், யாரை எங்கே இருத்துவது, எவ்வளவு எரிபொருள் போடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஒரு சத்தமில்லை. வருடக்கணக்காக ஒன்றாக நடக்கிறவர்கள், ஒருவருடைய சீனி அளவு மற்றவருக்குத் தெரியும், பிள்ளைகளின் சம்பளம்கூடத் தெரியும், நிறையை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு துண்டில் எழுதி மடித்துக் கொடுத்தோம், தேர்தல் போல. மாமி தன் துண்டை என் கையில் தரவேயில்லை, நேரே வாத்தியாரிடம் போய்க் கொடுத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

மாமி பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு பெரிய வாளி நிறைய வைத்திருக்கிறார். "மாமி, பைக்கும் நிறைக் கணக்கு இருக்கு" என்றேன். "நான் எழுதிக் குடுத்ததிலை அதுக்கும் சேர்த்துத்தான் போட்டனான்" என்கிறார். வாத்தியாரைக் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.

ஜூன் 14, சனி, இரவு

கால் வலிக்கிறது, ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் நாளைக்குப் பாதி மறந்துவிடும்.

காலையில் கோல் ஹார்பரில் போய் நின்றால் கடலும் வானமும் ஒரே சாம்பல். இந்த விமானங்கள் கண்ணால் பார்த்துப் பறக்கிறவை, முகில் இறங்கிக் கிடந்தால் அவ்வளவுதான், காத்திருக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். பணியாரம் அரைவாசி அங்கேயே முடிந்தது, ஆக நிறைப் பிரச்சினையும் பாதி தீர்ந்தது. இந்தத் துறைமுகத்து விமானங்களுக்கு வழி சொல்கிறவர்கள் பக்கத்துக் கட்டடத்தின் உச்சியில், 142 மீற்றர் உயரத்தில் இருக்கிறார்களாம். அண்ணாந்து பார்த்தேன், அந்தக் கட்டடத்தின் தலையே முகிலுக்குள் இருந்தது.

விமானம் டி ஹவிலண்ட் ஓட்டர். இந்த வகை செய்வதை 1967இலேயே நிறுத்திவிட்டார்கள், எஞ்சினை மாற்றி இன்னும் ஓட்டுகிறார்கள் என்று வாத்தியார் ஏறுகிற நேரம் பார்த்துச் சொன்னார். அதைத் தரையிறங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டிவிட்டார்கள், அதற்குள் உயிர்காப்பு அங்கி. தண்ணீரில் விழுந்தாலும் உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது, வெளியே வந்த பிறகுதான், இல்லாவிட்டால் அதுவே கூரையோடு அமத்திக் கதவால் வெளியேற விடாது. விமானியே கயிற்றை அவிழ்த்தார், கதவைச் சாத்தினார், பிறகு போய் ஓட்ட இருந்தார். மினிபஸ் ஓட்டுகிற தம்பி மாதிரி.

மிதவைகள் முதலில் தண்ணீரை உழுதுகொண்டு போயின, யன்னலெல்லாம் நுரை, பிறகு அடி வயிற்றில் தடதடவென்று ஒரு தட்டு, அந்தத் தட்டு நின்ற இடத்தில்தான் நாங்கள் மேலே வந்துவிட்டோம் என்று விளங்கியது. ஸ்ரான்லி பூங்கா கீழே போனது. ஃபிரேசர் ஆறு கடலில் சேருமிடத்தை நான் எத்தனை தரம் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், மேலிருந்து பார்த்தால் வேறு கதை. மலையில் பனி உருகி வருகிற காலம், ஆற்றுத் தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் கடலுக்குள் வெகுதூரம் போய், நீலத்தோடு கலக்காமல் கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. பிறகு கலியானோ, மேய்ன் தீவுகள். 35 நிமிடத்தில் விக்டோரியா துறைமுகத்தில், படகுகளுக்கு நடுவே, எம்பிரஸ் ஹோட்டலுக்கு முன்னால் வந்து மிதந்தோம். மாமி முழு வழியும் கண்ணை மூடிக் கந்தசஷ்டி கவசம். "இறங்கியாச்சு" என்ற பிறகும் முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

அங்கிருந்து பஸ்ஸில் தோட்டம். றோஜா, இத்தாலியத் தோட்டம், யப்பானியத் தோட்டம் எல்லாம் வடிவுதான், படங்கள் போடுகிறேன், அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இமயமலை நீலப் பொப்பியைப் பார்க்க மட்டும் இரண்டு தரம் போனேன், அந்த நீலத்தை என் தொலைபேசியால் பிடிக்க முடியவில்லை.

ஆனால் பள்ளத் தோட்டம். மர நிழலால் ஒரு பாதை போகிறது, வளைந்ததும் காலுக்குக் கீழே ஒரு பெரிய கிடங்கு, கிடங்கு முழுக்கப் பூ. எல்லாரும் "ஆ" என்றார்கள். எனக்கு அந்தச் சுவரைக் கண்டதும் வேறொன்று. இந்தச் சுவரை எனக்குத் தெரியும். சுண்ணக்கல் வெட்டி எடுத்த சுவர். என் அப்பா காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். கல்லெடுத்த கிடங்குகளின் பக்கமே போகக்கூடாது என்று அடி வாங்கி வளர்ந்த பிள்ளை நான்.

ரொபேர்ட் புச்சார்ட் 1904இல் இங்கே வந்து சீமெந்து ஆலை போட்டவர். சில வருடங்களில் கல் முடிந்துவிட, அவருடைய மனைவி ஜெனி, வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல், குதிரை வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டி 1921இல் இதை முடித்திருக்கிறார். பாறைச் சுவரில் கயிறு கட்டிப் பலகையில் தொங்கியபடி வெடிப்புகளுக்குள் ஐவிக் கொடியைச் செருகினாராம். மரங்களுக்கு மேலால் ஒரு சூளைப் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது. பூவை விட்டுவிட்டு அதைத்தான் நான் படமெடுத்தேன், மச்சாள் சிரித்தாள்.

தேத்தண்ணி அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே. மூன்று தட்டு அடுக்கு, மேலே கேக், நடுவில் ஸ்கோன், கீழே விரலளவு சான்விச். ஸ்கோனில் முதலில் ஜாமா கிறீமா என்று ஒரு பெரிய சண்டை, வாத்தியார் இரண்டையும் கலந்து பூசித் தீர்த்துவைத்தார். ஜெனி வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுப்பாராம், 1915இல் மட்டும் 18,000 பேருக்குக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"உந்தக் கோப்பையெல்லாம் ஆர் பிள்ளை கழுவினது?"

ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுத விட்டது: திரும்பும்போது ஸ்வாட்ஸ் பேயிலிருந்து கப்பல், ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் மேலிருந்து நூல் மாதிரித் தெரிந்த கடல் இடுக்கால் மெல்ல மெல்லப் போனது. மீதிப் பணியாரம் அதில் முடிந்தது. செலவுக் கணக்கை வாத்தியார் சதம் வரை அனுப்பியிருக்கிறார். விமானம்தான் பாதியை விழுங்கியிருக்கிறது, சரி, ஒருமுறைதானே.

ஜூன் 22, ஞாயிறு

மாமியின் கேள்வி ஒரு கிழமையாக மண்டைக்குள் நிற்கிறது, தேடி வாசித்தேன். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற டொட் இன்லெட் என்கிற கடல் ஒடுக்கத்தில்தான் ஆலை இருந்தது. அதற்கும் முன்னால் அது வுசேனிச் பழங்குடி மக்களின் இடம். ஆலையில் கல்லோடும் தூசியோடும் மல்லுக்கட்டியவர்களில் சீனத் தொழிலாளர்களும், 1906இலிருந்து பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் இருந்திருக்கிறார்கள், அந்தக் கரையிலேயே கொட்டில்களில் வாழ்ந்திருக்கிறார்கள். யப்பானியத் தோட்டத்துக்கு வழிகாட்டியவர் இசாபுரோ கிஷிடா என்று பெயரோடு இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் என் கண்ணில் படவில்லை.

ஜெனியின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. கயிற்றில் தொங்க எனக்கு ஏலாது. ஆனால் அப்பா வேலையால் வரும்போது புருவத்தில்கூட வெள்ளைத் தூசி இருக்கும், அவர் கிணற்றடியில் முகம் கழுவிய பிறகுதான் அப்பா போல இருப்பார். 1990இல் சண்டையோடு அந்த ஆலை நின்றது. எங்கள் கிடங்குகளில் யாரும் பூ நடவில்லை.

டொட் இன்லெட்டுக்கு நடைபாதை இருக்கிறது, இப்போது அது மாகாணப் பூங்கா, நுழைவுக் கட்டணமில்லை. செப்டெம்பரில் போகலாமா என்று குழுவில் கேட்டேன். மாமிதான் முதல் ஆள்.

"கப்பலிலைதானே போறம்? அவங்கள் நிறை கேக்க மாட்டாங்கள்."