கொண்டது விடாத வாய்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் வடநெம்மேலிக்கு டிக்கெட் கேட்டேன். "முதலைப் பண்ணைக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடத்துநர் கிழித்துக் கொடுத்தார். பங்குனி வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும் என்று நானும் என் மகளும் காலையிலேயே கிளம்பியிருந்தோம்.

தோலுக்காக வேட்டையாடியே இந்திய முதலைகளை ஏறக்குறைய தீர்த்துவிட்டிருந்த காலத்தில், 1976-இல், ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் தொடங்கிய இடம் இது. முதல் குளத்தின் மதிலிலேயே நின்றுவிட்டோம். சதுப்புநில முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையில் கிடந்தன. பலவும் வாயைப் பிளந்தபடி, அசைவே இல்லாமல். "எல்லாமே கோபமாக இருக்கின்றனவா அம்மா?" என்றாள் மகள். கோபமில்லை. வியர்வை இல்லாத உடம்பு. ஏறிய சூட்டை வாய் வழியாகத்தான் அது தணித்துக்கொள்கிறது.

'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்று ஆத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வாயைப் பற்றி அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. குளத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் அருகில் வந்து நின்றார். தாடையோரம் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று கேட்டார். தெரிந்தன, மிளகு தூவியதுபோல. ஒவ்வொன்றும் தொடுவுணர்வுப் புள்ளி. நம் விரல் நுனியைவிட அவை நுட்பமானவை என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இருட்டில், கலங்கிய நீரில், ஒரு சிற்றலை வந்து தொட்டால்கூட முதலைக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாயால் அது செய்யும் வேலையைக் கேட்டபோது நான் மதிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் தாய் காவல் இருக்கிறது. பொரியும் நேரம் வந்ததும் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தே குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுத் தாய் மண்ணை விலக்குகிறது. தானாக உடையாத முட்டையை வாயில் எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் மெல்ல உருட்டி, ஓட்டை மட்டும் விரிசல் விடச் செய்கிறது. பிறகு குஞ்சுகளை வாயிலேயே அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறது. எலும்பை நொறுக்கும் அதே தாடை! தந்தையும் சும்மா இருப்பதில்லை. ஆண் முதலை குஞ்சு சுமப்பதை இந்தப் பண்ணையிலேயே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் மண்ணின் கையில் இருக்கிறது. குழியின் சூடு 32.5 டிகிரியை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண். 31-க்குக் கீழே என்றால் பெண். பண்ணைக்குப் பின்னாலிருக்கும் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு இது நேர்மாறு. அங்கே மணல் சூடேறினால் பெண்கள்தான் மிகுதி. வெயில் ஆண்டுக்காண்டு கூடும்போது அந்தக் கரையில் ஆண் ஆமைகள் எத்தனை பிறக்கும் என்ற கவலை அன்று முழுவதும் என்னை விடவில்லை.

குளத்தின் மேலிருந்த மரங்களில் கொக்குகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. கீழே ஒரு முதலையின் மூக்கின்மேல் இரண்டு சுள்ளிகள் கிடந்தன. சுள்ளி எடுக்க வரும் கொக்கைப் பிடிக்க முதலை வைத்திருக்கும் பொறி இது என்று இங்கே கவனித்தவர்கள் 2013-இல் எழுதினார்கள். தற்செயல் என்று மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. நாங்கள் கால் மணி நேரம் காத்திருந்தோம். கொக்கு எதுவும் கீழே இறங்கவில்லை.

சொம்புமூக்கு முதலையையும் பார்த்தோம். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்டும் சொம்பு கவிழ்த்ததுபோல் ஒரு புடைப்பு. ஒல்லியான தாடை முழுக்க மீன் பிடிப்பதற்கான ஊசிப் பற்கள். முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தன. இந்தியாவில் உள்ள முதலை இனங்களும் மூன்று. இரண்டு பெயர்களை எப்போது தொலைத்தோம்?

பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. மண்பானைகளில் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கின்றன. விஷம் எடுத்துச் சில வாரங்களில் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் மருந்து இந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவர்கள் அறிவுக்கு நாடு வெகு தாமதமாகத் தலைவணங்கியதாகவே எனக்குப் பட்டது.

திரும்பும் வழியில் முதல் குளத்து அண்ணன் மறுபடியும் எங்களைக் கூப்பிட்டார். மணல்மேட்டின் ஓரம் ஒரு பெண் முதலை கண்மூடிக் கிடந்தது. அவர் குனிந்து, தொண்டைக்குள்ளிருந்து 'ங்க்... ங்க்...' என்று குஞ்சைப்போல் குரல் கொடுத்தார்.

முதலை கண் திறந்தது. தலையைத் தூக்கி மணல்மேட்டைப் பார்த்தது.